செப்டம்பர் கடைசியில் ராமேஸ்வரமா, வர்க்கலாவா?

உங்கள் கேள்வியை முதலில் ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். மதுரையிலிருந்து ஐந்து பேர் கிளம்புகிறீர்கள்: நீங்கள், மனைவி, பதினொரு வயதுப் பையன், ஆறு வயதுப் பெண், முழங்கால் வலியோடு இருக்கும் 68 வயது அம்மா. காலாண்டுப் பரீட்சை லீவில், செப்டம்பர் கடைசி வாரம், நான்கு நாள். அம்மா ராமேஸ்வரம் என்கிறார், மனைவி கேரளத்து வர்க்கலா என்கிறார், நடுவில் நீங்கள் மாட்டிக்கொண்டு "எது பெஸ்ட்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "பிள்ளைகள் இதுவரை கடலில் இறங்கிக் குளித்ததில்லை, மெரினாவில் கால் நனைத்ததோடு சரி, இந்த முறை ஆசை தீரக் குளிக்க விட வேண்டும்." எனக்கு அந்த வரிதான் உண்மையான கேள்வியாகத் தெரிகிறது. எந்த ஊர் அழகு என்று ஆளாளுக்குச் சொல்லிவிடலாம். குறிப்பிட்ட அந்த வாரத்தில் எந்தக் கடலில் ஆறு வயதுப் பிள்ளையை இறக்கலாம் என்பதைத்தான் யோசித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் கடலியல் படித்தவன். பத்தொன்பது வருடமாக அலையை அளப்பது, கரையில் மணல் எவ்வளவு வந்தது எவ்வளவு போனது என்று கணக்கெடுப்பது, தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போடும் கல் தடுப்பு) கட்டுவதற்கு முன்னும் பின்னும் போய்ப் பார்ப்பது, இதுதான் பிழைப்பு. தமிழ்நாட்டுக் கரையும் தென்கேரளக் கரையும் ஓரளவு அத்துப்படி. அதனால் கடலைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். ஓட்டல், ரிசார்ட் விஷயத்தில் என்னை நம்ப வேண்டாம். வேலைக்குப் போன இடத்தில் லாட்ஜில் ரூம் போட்டுத் தூங்கியவன் நான், குளியலறையில் தண்ணீர் வந்தால் அதுவே நல்ல லாட்ஜ் என்று நினைக்கிற ஜாதி.

நேராகப் பதில்: இந்த முறை ராமேஸ்வரம் போங்கள். ஆனால் பிள்ளைகளைக் குளிக்க வைக்க நீங்கள் மனதில் வைத்திருக்கும் தனுஷ்கோடிக்கு இல்லை. போகும் தேதியில் அமாவாசை வருகிறதா என்றும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வர்க்கலாவை ஜனவரிக்குத் தள்ளி வையுங்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

ராமேஸ்வரம் தீவில் இரண்டு கடல் இருக்கிறது. தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. உள்ளூர்க்காரர்கள் தெற்கை ஆண் கடல் என்றும் வடக்கைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள், முன்னது சீறும், பின்னது அடங்கிக் கிடக்கும் என்ற அர்த்தத்தில். (பெண் என்றால் அடங்கிக் கிடக்கும் என்று யார் முடிவு செய்தார்களோ, என் வீட்டில் இந்த விளக்கத்தைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.) பெயர் எப்படியோ, விஷயம் நிஜம். மே முதல் செப்டம்பர் வரை காற்று தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கிறது. கூடவே இந்தியப் பெருங்கடலின் தெற்குக் கோடியில் கிளம்பும் பெரிய அலைகளும் மன்னார் வளைகுடாவுக்குள் நேராக வந்து மோதுகின்றன. இவை வடக்குப் பக்கம் போக முடியாது. ஒரு பக்கம் இலங்கை, ஒரு பக்கம் நம் கரை, நடுவில் ராமேஸ்வரம் தீவும் அதைத் தொட்டாற்போல் ராமர் பாலத்து மணல் திட்டுகளும் சுவர் மாதிரி நிற்கின்றன. பாக் விரிகுடா ஆழமும் இல்லாத கடல், சராசரி எடுத்தால் பத்து மீட்டருக்குள்தான் வரும். அதில் அந்த மாதங்களில் எழும்புவது உள்ளூர்க் காற்று கிளப்புகிற சின்னச் சின்ன அலை மட்டும்தான்.

இது வருடம் முழுக்க இப்படியே இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் எல்லாம் தலைகீழ். வாடைக் காற்று அடிக்கும்போது பெண் கடல் கொந்தளிக்கும், ஆண் கடல் படுத்துவிடும். பாம்பன் கால்வாயில் நீரோட்டமே திசை மாறி ஓடும், தென்மேற்குக் காற்றில் வடக்கு நோக்கி, வடகிழக்குக் காற்றில் தெற்கு நோக்கி. வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்குகிறது. நீங்கள் போவது அதற்கு மூன்று வாரம் முன்னால். கச்சான், சோழகம் என்று மீனவர்கள் சொல்லும் தென்மேற்கு, தெற்குக் காற்றுகள் வேகம் குறைந்து, வாடை இன்னும் வராத இடைவெளி. வடக்குக் கடல் குளம் மாதிரி கிடக்க வாய்ப்பு அதிகம் உள்ள நாட்கள் இவை.

இப்போது வர்க்கலா. அது அரபிக்கடலைப் பார்த்துத் திறந்து கிடக்கிற கரை, முன்னால் தடுக்க ஒன்றுமில்லை. தென்மேற்குப் பருவமழை நாட்டை விட்டுப் போக ஆரம்பிக்கும் சராசரித் தேதி செப்டம்பர் 17. ஆனால் அது ராஜஸ்தானில் ஆரம்பிக்கும் தேதி, முழுக்க விலக அக்டோபர் 15 ஆகிவிடும், அதிலும் கேரளம் கடைசி வரிசை. வானம் வெளுத்திருக்கும், காற்று நின்றிருக்கும், ஆனாலும் கடல் ஓய்ந்திருக்காது. தென்கடலில் எங்கோ ஐந்தாறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வீசிய புயல்காற்று கிளப்பிய அலை ஐந்தாறு நாள் பயணம் செய்து இங்கே வந்து சேரும். பார்த்தால் ஒரு மீட்டர் அலை, "இவ்வளவுதானா" என்று தோன்றும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மேலதிகாரி சொல்லிக் கொடுத்த முதல் பாடம், உயரத்தைப் பார்க்காதே, கடிகாரத்தைப் பார் என்பது. ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில் எத்தனை விநாடி? பாக் விரிகுடாவில் நான்கு, ஐந்து விநாடிக்கு ஒரு அலை வரும், கரையில் வந்து சளக்கென்று விழும், முடிந்தது. வர்க்கலாவில் அந்த இடைவெளி பன்னிரண்டு, பதினான்கு, சில நாள் பதினாறு விநாடி கூட இருக்கும். உயரம் ஒன்றாகவே இருந்தாலும் இரண்டாவது அலைக்குள் இருக்கும் தண்ணீர் பல மடங்கு. கரையில் ஏறிய அத்தனை தண்ணீரும் திரும்பிப் போக வேண்டும், போகும்போது முழங்கால் ஆழத்தில் நிற்கிற குழந்தையின் காலுக்கு அடியில் இருக்கும் மணலையும் சேர்த்து உருவிக்கொண்டு போகும்.

இதற்கு மேல் இன்னொரு சிக்கல், கரையே அப்போது முழுசாக இருக்காது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அடிக்கும் அலை, கரையிலிருக்கும் மணலை எடுத்துக்கொண்டு போய்க் கொஞ்சத் தூரத்தில் கடலுக்குள் திட்டாகப் போட்டு வைக்கும். அலை தணியத் தணிய அந்த மணல் மெல்லத் திரும்பி வரும். டிசம்பர், ஜனவரியில் நீங்கள் இணையத்தில் பார்க்கும் வர்க்கலாவின் அகலமான பாபநாசம் கடற்கரை இருக்கும். செப்டம்பர் கடைசியில் அந்தத் திரும்பி வருகிற வேலை பாதியில் நிற்கும். திட்டுகள் கடலுக்குள் இருக்கும், இரண்டு திட்டுக்கு நடுவில் பள்ளம் இருக்கும், கரையேறிய தண்ணீர் எல்லாம் அந்தப் பள்ளம் வழியாகத்தான் ஆறு மாதிரி வெளியே ஓடும். இதில் கொடுமை என்னவென்றால் அந்தப் பள்ளத்தின் மேல் அலை உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரை, நடுவில் மட்டும் அமைதியாகக் கொஞ்சம் கருத்த தண்ணீர். "இங்கே அலை இல்லை, பிள்ளைகளை இங்கே இறக்கலாம்" என்று எந்தத் தகப்பனும் தேர்ந்தெடுக்கும் இடம் அதுவாகத்தான் இருக்கும்.

நானும் அந்தத் தகப்பனாக இருந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். படித்த படிப்பு, பார்த்த வேலை எல்லாம் இருந்தும், என் மகளுக்கு ஏழு வயதாக இருந்தபோது செப்டம்பர் கடைசியில் வர்க்கலாவில் ரூம் போட்டேன். புக் செய்யும்போது "இப்போ கிளைமேட் சூப்பர் சார், கடல் அமைதி" என்றார்கள். அனுப்பிய போட்டோ ஜனவரியில் எடுத்தது என்று அங்கே போய் நின்றதும் தெரிந்தது. நான்கு நாளில் ஒரே ஒரு நாள் காலையில், ஒரு மணி நேரம், லைஃப்கார்டு காட்டிய இருபதடி அகலத்துக்குள் அவள் தண்ணீரில் இருந்தாள். மற்ற நேரமெல்லாம் விசில் சத்தம். ஒருமுறை என் கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றவளின் செருப்பு இரண்டும் கழன்று போய், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினைந்து இருபது மீட்டர் தள்ளி மிதந்துகொண்டிருந்தது. செருப்பு போன வேகத்தைப் பார்த்த பிறகு எனக்கே திரும்ப இறங்க மனது வரவில்லை. அவள் இன்றும் அந்தப் பயணத்தை "செருப்பு டூர்" என்றுதான் சொல்வாள்.

இதில் எதை உறுதியாகச் சொல்கிறேன், எதைச் சொல்ல முடியாது என்று பிரித்துவிடுகிறேன். அந்த வாரத்தில் வர்க்கலா அலை பாக் விரிகுடா அலையைவிடப் பல மடங்கு வலுவாக இருக்கும், இது உறுதி, எந்த வருடமும் மாறாது. அங்கே கரை ஜனவரியைவிடக் குறுகலாக இருக்கும், இதுவும் கிட்டத்தட்ட உறுதி. எவ்வளவு குறுகல் என்பது அந்த வருடத்து மழைக்காலத்தைப் பொறுத்தது, அதை இப்போதே உட்கார்ந்து சொல்ல முடியாது. மழை பெய்யுமா என்றால், நீங்கள் போகும் நான்கு நாளைப் பற்றி மூன்று வாரம் முன்னால் யார் சொன்னாலும் அது ஜோசியம்தான். பொதுவாகத் திருவனந்தபுரம் மாவட்டத்தில் செப்டம்பரைவிட அக்டோபரில்தான் மழை அதிகம், அதுவும் காலையில் வெயில் அடித்துவிட்டு மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டுகிற மழை. செப்டம்பர் கடைசி அதற்கு முன்னோட்டம். இடி இடிக்கும்போது திறந்த கடற்கரையில் நிற்கக் கூடாது என்பதால், சாயங்காலம் என்ற ஒன்று உங்கள் கணக்கில் இல்லாமல் போகலாம். ராமநாதபுரம் பக்கம் அந்த நேரத்தில் பெரும்பாலும் காய்ந்துதான் கிடக்கும், எப்போதாவது ஒரு இடிமழை. புயல் பயம் சிலர் கிளப்புவார்கள். தமிழ்நாட்டுக் கரைக்குப் புயல் வருவது பெரும்பாலும் அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை. தனுஷ்கோடியை அழித்தது 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வந்தது. உங்கள் தேதிகளுக்கு அந்தக் கவலை மிகக் குறைவு.

சரி, ராமேஸ்வரத்தில் எங்கே குளிப்பது? இங்கேதான் பலர் தப்பு செய்கிறார்கள். ராமேஸ்வரம் என்றதும் தனுஷ்கோடி, அரிச்சல்முனை என்று போய், அங்கே பிள்ளைகளை இறக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அரிச்சல்முனை என்பது இரண்டு கடலும் சேருகிற மணல்நாக்கு. ஒரு பக்கம் ஆழம் சட்டென்று இறங்கும், நுனியில் நீரோட்டம் இழுக்கும், மணல் திட்டுகள் வாரத்துக்கு வாரம் இடம் மாறும். எச்சரிக்கைப் பலகை சும்மா வைக்கவில்லை. அதைப் பார்க்கப் போங்கள், கட்டாயம் போங்கள், ஆனால் பார்க்க மட்டும். உங்கள் பையனுக்கு பதினொரு வயது என்பதால் சொல்கிறேன், நான் மேலே எழுதிய அத்தனையையும் அவனுக்கு வாயால் விளக்க வேண்டியதில்லை, அந்தச் சாலையின் முடிவில் நிற்க வைத்தால் போதும். வலது பக்கம் அலை எழும்பி விழுந்துகொண்டிருக்கும், இடது பக்கம் தட்டையாகத் தண்ணீர் கிடக்கும், நடுவில் சில நூறு அடி மணல். இடிந்த தேவாலயத்தையும் ரயில் நிலையத்து மிச்சத்தையும் காட்டுங்கள். 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வருவதற்கு முன்னால் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலில் குலுங்கிக் குலுங்கி வேனில் போவோம், உங்கள் அம்மாவின் முழங்காலுக்கு அது நடக்காத காரியமாக இருந்திருக்கும். இப்போது அவர் காரிலேயே கடைசி வரை போகலாம். ஒன்று, காலை ஏழு ஏழரைக்கே போய்விடுங்கள். நிழல் என்று ஒரு மரம் கிடையாது, பத்து மணிக்கு மேல் வெயில் ஆளை வறுத்துவிடும், மணல் காற்று கண்ணில் அடிக்கும். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் சோதனைச் சாவடியில் நேரமாகிவிட்டது என்று திருப்பி அனுப்புவார்கள்.

அக்னி தீர்த்தத்தில் குளிக்கலாமா என்று கேட்பீர்கள். தண்ணீர் அடங்கித்தான் இருக்கும், அலை ஆபத்து இல்லை. ஆனால் அது பிதுர்க்கடன் செய்கிறவர்கள் முழுக்குப் போடும் இடம், கூட்டமும் விட்டுப்போன துணியும் காலில் சிக்கும், பிள்ளைகள் விளையாடும் இடமாக எனக்குத் தோன்றவில்லை. அம்மா ஆசைப்பட்டால் படியில் உட்கார்ந்து தலையில் தெளித்துக்கொள்ளட்டும்.

பிள்ளைகளுக்கு நான் சொல்லும் இடம் அரியமான். இது தீவுக்குள் இல்லை. ராமநாதபுரத்திலிருந்து வரும்போது உச்சிப்புளி தாண்டி, மண்டபம் வருவதற்கு முன்னால், சுந்தரமுடையான் பக்கத்தில் இடது கைப்பக்கம் திரும்ப வேண்டும். பாக் விரிகுடாக் கரை, சவுக்குத் தோப்பு நிழல், நல்ல மணல், ஆழம் மெல்ல மெல்லத்தான் இறங்கும். பெரியவர்கள் ரொம்பத் தூரம் நடந்தும் இடுப்பளவு தண்ணீரில்தான் நிற்பார்கள். அம்மா நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேரப் பிள்ளைகளைப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை சுற்று வட்டாரமே அங்கே வந்துவிடும், வார நாளில் போனால் பாதிக் கரை உங்களுக்குத்தான். அழகுக்கு வர்க்கலாவோடு போட்டி போடாது, முன்பே சொல்லிவிடுகிறேன், அப்புறம் உங்கள் மனைவி என்னைத் திட்டக் கூடாது.

அங்கேயும் சில விஷயங்கள் உண்டு. கரையில் கறுப்பாகக் குவியல் குவியலாக ஒதுங்கிக் கிடப்பதைப் பார்த்துக் குப்பை என்று முகம் சுளிக்காதீர்கள், பெரும்பாலும் அது கடற்புல். பாக் விரிகுடாவின் அடியில் அது புல்வெளி மாதிரி வளர்கிறது, கடல் பசு மேய்வது அதைத்தான். கொஞ்சம் நாறும், ஆபத்தில்லை. தண்ணீருக்குள் பிள்ளைகளைக் காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்தபடி நடக்கச் சொல்லுங்கள். ஆழமில்லாத மணலில் திருக்கை படுத்திருக்கலாம், தேய்த்து நடந்தால் அதுவே விலகிப் போய்விடும், மிதித்தால்தான் வாலால் அடிக்கும். சொறி (ஜெல்லி மீன்) மிதக்கிறதா என்று இறங்கும் முன் கரையில் வலை காய வைக்கிற யாரிடமாவது கேளுங்கள், அவர்களுக்குத் தெரிந்த அளவு எனக்குக்கூடத் தெரியாது. சொறி பட்டுவிட்டால் கடல் தண்ணீராலேயே கழுவுங்கள், நல்ல தண்ணீர் ஊற்றித் தேய்க்காதீர்கள், மணல் போட்டும் தேய்க்காதீர்கள். மூச்சுத் திணறல் மாதிரி ஏதாவது என்றால் ஆஸ்பத்திரிதான், கை வைத்தியம் வேண்டாம். அமைதியான கடல்தானே என்று காற்று அடைத்த மிதவை, டியூப் எதுவும் கொடுக்காதீர்கள். அந்த நேரத்தில் காற்று பெரும்பாலும் தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும், டியூபில் உட்கார்ந்த குழந்தையை அது சத்தமே இல்லாமல் நகர்த்திக்கொண்டு போய்விடும். அலை இல்லாத கடலில் நான் உண்மையில் பயப்படுவது இதற்குத்தான்.

இப்போது நான் சொன்ன அமாவாசை விஷயம். புரட்டாசியில் வருவது மகாளய அமாவாசை. அன்றைக்கு ராமேஸ்வரத்தில் கால் வைக்க இடம் இருக்காது, கார் நிறுத்த இடம் கிடைக்காது, ரூம் வாடகை இஷ்டத்துக்கு ஏறும். தேதி வருடத்துக்கு வருடம் நகரும், 2024-ல் அக்டோபர் 2, 2025-ல் செப்டம்பர் 21. காலண்டரைப் பாருங்கள், அதற்கு முந்தைய இரண்டு நாளும் அன்றைய நாளும் உங்கள் நான்கு நாளுக்குள் விழுந்தால் ராமேஸ்வரம் வேண்டவே வேண்டாம். அம்மா தர்ப்பணத்துக்காகவே அந்த நாளில் போக வேண்டும் என்று சொன்னால் அது வேறு பயணம், பிள்ளைகள் விடுமுறையோடு அதைச் சேர்க்காதீர்கள். ஆயுத பூஜை தொடர் விடுமுறை சேர்ந்து வந்தாலும் கூட்டம்தான், ஆனால் சமாளிக்கிற கூட்டம்.

கோயிலில் அம்மாவைப் பற்றி ஒரு கவலை. இருபத்திரண்டு தீர்த்தமும் ஆட வேண்டும் என்பார். கிணறு கிணறாகப் போய் வாளித் தண்ணீர் வாங்கி, ஈரத்துணியோடு, வழுக்குகிற கல் தரையில் நடக்க வேண்டும். நான் டாக்டர் இல்லை, முழங்கால் எவ்வளவு மோசம் என்று உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் அந்த ஈரத்தரையில் வழுக்கி விழுந்தவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். தீர்த்தமாடாமல் தரிசனம் மட்டும் செய்துவிட்டு, கூட்டம் குறைந்த நேரத்தில் மூன்றாம் பிரகாரத்தில் நிதானமாக நடந்தால், ஆயிரத்துக்கு மேற்பட்ட தூண்கள் வரிசையாகப் போவதைப் பார்ப்பதே நிறைவாக இருக்கும். சாப்பாட்டுப் பிரச்சினையும் அவருக்கு இங்கே இல்லை. புரட்டாசி என்பதால் வீட்டில் கவிச்சி இருக்காது என்று நினைக்கிறேன், கோயிலைச் சுற்றி சைவ ஓட்டல்கள்தான். தனுஷ்கோடிக் குடிசைக் கடையில் மீன் பொரிக்கும் வாசனை வரும்போது நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது உங்களுக்கும் பெருமாளுக்கும் நடுவில் உள்ள விஷயம்.

பிள்ளைகளுக்குக் கடலுக்கு அடுத்தபடியாகப் பிடிக்கப் போவது ரயில். 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள், புதுப்பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தது. பழையதில் நடுப்பகுதி இரண்டு கையையும் விரிப்பது மாதிரி பிரிந்து நிமிரும், புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் மேலே போகும். நீங்கள் காரில்தான் போகிறீர்கள் என்றாலும், ராமநாதபுரத்தில் அம்மாவையும் பிள்ளைகளையும் மனைவியோடு ரயிலேற்றிவிட்டு நீங்கள் சாலைப் பாலத்தில் வந்து ராமேஸ்வரம் ஸ்டேஷனில் அழைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கூடக் குறையத்தான் ஆகும். நீங்கள் மட்டும் தனியாக ஓட்டி வர வேண்டியிருக்கும், அது உங்களுக்கு ஓய்வா தண்டனையா என்று எனக்குத் தெரியாது.

உங்கள் மனைவி பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. கடலில் இறங்காவிட்டாலும் பரவாயில்லை, பச்சையும் மழையும் குன்றின் மேல் உட்கார்ந்து குடிக்கும் டீயும் போதும் என்றால், செப்டம்பர் கடைசி வர்க்கலாவுக்கு நல்ல நேரம்தான். ஓணம் கூட்டம் போயிருக்கும், வெளிநாட்டவர் சீசன் தொடங்கியிருக்காது, வாடகை படியும். சில கடைகள் மழைக்கு மூடியபடியே கிடக்கும், அவ்வளவுதான். அந்தக் குன்று எங்கள் துறைக்காரர்களுக்குக் கோயில் மாதிரி. மேலே செம்புரை, கீழே மணற்பாறையும் களிமண்ணும் அடுக்கடுக்காக வெளியே தெரியும், புவியியலில் அந்த அடுக்குக்கே வர்க்கலி என்று ஊர் பெயரை வைத்திருக்கிறார்கள். 2025-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் சேர்த்தாகிவிட்டது. ஆனால் அதே அடுக்குதான் ஆபத்தும். மழைத் தண்ணீர் மேலே இறங்கி, களிமண்ணில் தடைபட்டு, குன்றின் அடியில் ஊற்றாகக் கசியும். மழைக்காலம் முடிகிற நேரத்தில் ஊறிப்போன துண்டுகள் சரிந்து விழும். அதனால் குன்றின் அடிவாரத்தில் நிழல் இருக்கிறதே என்று பாயை விரிக்காதீர்கள். மேலே நடைபாதையில் சில இடத்தில் தடுப்பு இருக்கும், சில இடத்தில் இருக்காது, ஆறு வயதுப் பெண்ணின் கையை விடவே முடியாது. வடக்குக் குன்றிலிருந்து கீழே இறங்கும் படிகள் செங்குத்து, அம்மாவால் முடியாது. ஜனார்த்தனசாமி கோயில் பக்கம் தங்கினால் சாலை வழியாகவே பாபநாசம் கரைக்கு வரலாம், அவருக்கு ஒரு பழைய பெருமாள் கோயிலும் ஆயிற்று, கொஞ்ச தூரத்தில் நாராயண குரு சமாதி இருக்கும் சிவகிரியும் இருக்கிறது. போக, மதுரையிலிருந்து புனலூர் போகும் இரவு ரயில் வர்க்கலாவில் நிற்கும், நேரத்தை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எப்படியும் வர்க்கலாதான் என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டால், கிளம்பும் முதல் நாள் இன்காய்ஸ் எச்சரிக்கை ஏதும் இருக்கிறதா பாருங்கள். ஹைதராபாத்தில் இருக்கும் மத்திய அரசின் கடல் தகவல் மையம் அது. உயர் அலை, கள்ளக்கடல் என்று அதில் இருந்தால் பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கமே விடாதீர்கள். கள்ளக்கடல் என்பது கேரள மீனவர்கள் வைத்த பெயர், காற்றும் இல்லாமல் மழையும் இல்லாமல் திருடன் மாதிரி வந்து கரையேறுகிற கடல். பெரும்பாலும் ஏப்ரல் மே மாதங்களில் வரும், மற்ற மாதங்களில் வரவே வராது என்று சொல்ல முடியாது. எச்சரிக்கை இல்லாத நாளிலும் கரையில் பதினைந்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக ஏழெட்டு வரும், அப்புறம் சில நிமிடம் அமைதி, திரும்பவும் கூட்டம். பலர் அந்த அமைதியில் வந்து சேர்ந்து உடனே இறங்கிவிடுகிறார்கள். லைஃப்கார்டு நிற்கும் இடத்தில் மட்டும், அவர் காட்டும் எல்லைக்குள் மட்டும். உங்களை இழுத்துவிட்டால் கரையைப் பார்த்து நீந்தாதீர்கள், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு வெளியே வந்த பிறகு திரும்புங்கள், முடியாவிட்டால் மிதந்தபடி கையைத் தூக்குங்கள். இதைப் பெரியவர்களுக்குத்தான் சொல்கிறேன். ஆறு வயதுக் குழந்தைக்கு இந்த அறிவுரை எதுவும் உதவாது, அவளுக்கு உங்கள் கை மட்டும்தான்.

ராமேஸ்வரம் என்றால் நான்கு நாளும் தீவுக்குள்ளேயே இருக்காதீர்கள். இரண்டு இரவு ஊருக்குள், ஒரு இரவு மண்டபம், உச்சிப்புளிப் பக்கம் என்று வைத்துக்கொண்டால் அரியமானுக்கு இரண்டு முறை, காலையில் ஒன்றும் சாயங்காலம் ஒன்றுமாகப் போகலாம். முதல் நாள் பிள்ளைகள் பயப்படுவார்கள், அடுத்த முறைதான் தண்ணீரை விட்டு வர மறுப்பார்கள். வாரைப் போட்டு இறுக்குகிற செருப்பாக வாங்கிக் கொடுங்கள், சிப்பி காலைக் கிழிக்காமல் இருக்கும். மாற்றுத்துணி நீங்கள் நினைப்பதைவிட இரண்டு செட் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கல் லீவுக்கு வர்க்கலா ரூமை இப்போதே போடுங்கள், நவம்பரில் பார்த்தால் விலை கேட்டு மயக்கம் வரும். அமாவாசைத் தேதியைப் பார்த்துவிட்டு, உங்கள் நான்கு நாள் எது என்று இங்கேயே எழுதுங்கள், அந்த வாரத்துக் காற்றையும் அலையையும் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் பார்த்துச் சொல்கிறேன்.